அப்பாவின் இம்பிளாண்ட் பல்: வலிக்காது, அதுதான் சிக்கல்

கேள்வி இது: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. கீழ்த்தாடையில் வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு இம்பிளாண்ட் (பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய உருளை) வைத்து, மேலே பல் வடிவக் கேப் போட்டு நான்கு மாதம் ஆகிறது. "நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு எதுவும் செய்ய வேண்டுமா? உண்மையிலேயே ஆயுசுக்கும் வருமா?

ஈறு சிகிச்சைதான் என் வேலை. அதனால் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிடுகிறவர்களை நான் அதிகம் பார்ப்பதில்லை. வைத்தது கெட்டுப்போய் வருகிறவர்களைத்தான் பார்க்கிறேன். என் பதிலில் கொஞ்சம் பயமுறுத்தல் கலந்திருந்தால் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. ஆயுசுக்கும் வரும் என்பது வெறும் வியாபாரப் பேச்சு அல்ல. ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் ப்ரோனமார்க், 1950களின் தொடக்கத்தில் முயலின் கால் எலும்புக்குள் ஒரு டைட்டானியக் கூட்டைப் பொருத்தி, எலும்பில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கூட்டைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று உலகம் முழுவதும் வைக்கப்படும் பல் இம்பிளாண்டுகளுக்கு வேர் அந்த முயல்தான். 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்குக் கீழ்த்தாடையில் முதன்முதலாக வைத்தார்கள். அவர் 2006இல் இறந்தார். அதுவரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்த இம்பிளாண்டுகள் அவர் வாயில் வேலை செய்தன. இப்போது வைக்கப்படுகிறவற்றிலும் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தாடையில் நிற்கின்றன.

சரி, "நிற்கிறது" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சுற்றிலும் பாதி எலும்பு கரைந்துபோன இம்பிளாண்டும் நிற்கத்தான் செய்யும். ஆடாது, வலிக்காது, அதில் கடித்துச் சாப்பிடவும் முடியும். மீதிப் பாதி எலும்பும் போகும்போதுதான் ஆடும். அந்த நிலையில் வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே என்னிடம் சொல்வது ஒரே வாக்கியம்: "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்." இல்லை, ஐந்து வருடமாகவே நன்றாக இல்லை. சொல்வதற்கு அதற்கு நரம்பு இல்லை, அவ்வளவுதான்.

இயற்கைப் பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நார்ப் படலம் இருக்கிறது. அதில் நரம்பும் ரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. சோற்றில் சின்னக் கல் ஒன்று கடிபட்டதும் தாடை தானாக நின்றுவிடுகிறதே, அது அந்தப் படலத்தின் வேலை. இம்பிளாண்டில் அது கிடையாது. உலோகமும் எலும்பும் நேருக்கு நேர். ஈறு பிடித்திருக்கும் விதமும் வேறு. இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே புகுந்து தைத்துக்கொண்டு நிற்கின்றன. டைட்டானியத்துக்குள் எந்த நாரும் புக முடியாது என்பதால், இம்பிளாண்டின் கழுத்தைச் சுற்றி வளையமாக இறுகி நிற்பதோடு சரி. ஒன்று தைத்துப் போட்ட சட்டை, மற்றது சுற்றிக் கட்டிய வேட்டி. வேட்டி கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடமாடலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் அவ்வப்போது இடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஈறு வளையத்தின் விளிம்பில் தினமும் கிருமிகள் நிறைந்த அழுக்குப் படலம் படியும். அதை எடுக்காமல் விட்டால் முதலில் ஈறு மட்டும் சிவந்து வீங்கும், பிரஷ் பட்டால் ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதையும் விட்டால் அழற்சி எலும்பு வரை இறங்கும். இறங்கினால் இயற்கைப் பல்லைவிட வேகமாக எலும்பைத் தின்னும். இதற்குப் பெரி-இம்பிளாண்டைட்டிஸ் என்று பெயர். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று, இம்பிளாண்ட் வைத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 43 பேருக்கு முதல் கட்டமும் 22 பேருக்கு இரண்டாம் கட்டமும் இருப்பதாகச் சொல்கிறது. தொண்ணூறுக்கு மேல் நிற்கின்றன என்று முன்பு சொன்னதையும் இதையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அப்பாவுக்கு அந்த இரண்டு பல்லும் எதனால் போயின? சொத்தை விழுந்து எடுத்தார்களா, இல்லை தானாக ஆட ஆரம்பித்து எடுத்தார்களா? சொத்தை என்றால் ஓரளவு நிம்மதி, ஏனென்றால் டைட்டானியத்துக்குச் சொத்தை வராது. ஆடி விழுந்தது என்றால் அது ஈறு நோய். அதை உண்டாக்கிய கிருமிகள் பல்லோடு சேர்ந்து போய்விடவில்லை. பக்கத்துப் பற்களின் ஈறுகளில் அப்படியே இருக்கின்றன, புதிதாக வந்தவரிடமும் குடியேறும். ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கு இம்பிளாண்டும் அதே வழியில் போகும் ஆபத்து அதிகம் என்பதில் எங்கள் துறையில் கருத்து வேறுபாடு இல்லை. முப்பது, நாற்பதாயிரம் கொடுத்து ஓர் இம்பிளாண்ட் வைத்துவிட்டு, மற்ற பற்களில் காரை அப்படியே படிந்திருக்க வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வரும். நோயாளி மேல் அல்ல.

அடுத்தது சர்க்கரை. சர்க்கரை இருக்கிறது என்பதைவிட அது எந்த அளவில் இருக்கிறது என்பதே முக்கியம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7க்குப் பக்கத்தில் இருப்பவரின் ஈறு, சர்க்கரை இல்லாதவரின் ஈறைப் போலவே ஏறக்குறைய நடந்துகொள்ளும். 9, 10 என்று ஏறினால் புண் ஆறுவது தாமதப்படும், கிருமியோடு போராடும் தெம்பு குறையும். இது ஒருவழிப் பாதையும் இல்லை: ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். ஆகவே, பல் டாக்டரிடம் போகும்போது கடைசி எச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். அப்பா புகை பிடிப்பவர் என்றால், அல்லது வெற்றிலையோடு புகையிலை போடுபவர் என்றால், நான் கீழே சொல்லும் சுத்தம் எல்லாம் பாதிப் பலன்தான் தரும்.

சுத்தத்துக்கு வருவோம். "நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னது சரிதான், போதாது. இம்பிளாண்டின் உருளை 4 அல்லது 5 மில்லிமீட்டர் அகலம். அதன் மேல் உட்காரும் கடைவாய்ப் பல் கேப் 10 மில்லிமீட்டர் அகலம். குடைக் கம்பியும் குடையும் போல. அந்தக் குடைக்கு அடியில், ஈறோடு சேரும் இடத்தில்தான் கீரையும் கறி நாரும் போய் ஒளிந்துகொள்ளும். மேலிருந்து எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் சாதாரண பிரஷ் அங்கே போகாது. அப்பாவுக்கு இரண்டு இம்பிளாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அப்படி மூன்று இடுக்குகள்: முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று.

அதற்குப் பல் இடுக்கு பிரஷ் என்று ஒன்று இருக்கிறது. பாட்டில் கழுவும் பிரஷைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கியது போலிருக்கும். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பல அளவுகளில் வருவதால், எந்த அளவு என்பதை டாக்டரே வாயில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். தொளதொளவென்று போய் வந்தால் பயனில்லை, குத்தித் திணிக்கவும் கூடாது; லேசான பிடிப்போடு நுழைய வேண்டும். நடுவிலுள்ள கம்பிக்குப் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் கம்பி உலோகத்தைக் கீறும். கன்னத்துப் பக்கத்திலிருந்து நான்கைந்து முறை, முடிந்தால் நாக்குப் பக்கத்திலிருந்தும். கடைசிப் பல்லின் பின்பக்கத்துக்கு ஒற்றைக் கொத்து பிரஷ். நுனியில் ஒரே ஒரு கொத்து முடி மட்டும் இருக்கும். முதல் வாரம் கை பழகாது, எரிச்சல் வரும், லேசாக ரத்தமும் வரலாம். ரத்தம் வருகிறதே என்று பயந்து நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. அழுக்கு இருக்கும் வரை ரத்தம் வரும்; ஒரு வாரம், பத்து நாள் ஒழுங்காகச் செய்தால் நிற்கும். நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

பல் இடுக்கில் விட்டு இழுக்கும் ஃப்ளாஸ் நூல் பற்றி ஓர் எச்சரிக்கை. இயற்கைப் பற்களுக்கு நல்லதுதான். ஆனால் எலும்புக்குள் இருக்க வேண்டிய இம்பிளாண்டின் சொரசொரப்பான பகுதி வெளியே தெரிய ஆரம்பித்திருந்தால், நூல் அதில் உரசிக் கிழிந்து, அந்த நார் உள்ளேயே தங்கி, அதுவே புண்ணாக்கியதாகப் பதிவுகள் இருக்கின்றன. நான் என் நோயாளிகளுக்கு இடுக்கு பிரஷைத்தான் சொல்கிறேன். தண்ணீர் பீய்ச்சும் கருவி வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வசதி இருந்தால் வாங்குங்கள், சாப்பாட்டுத் துணுக்கை நன்றாக வெளியேற்றும். ஒட்டிக்கொண்டிருக்கும் படலத்தை எடுக்க மட்டும் ஏதாவது உரச வேண்டும்.

தேய்க்கும் பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். கை நடுக்கம் வந்தாலோ பிடிப்பு குறைந்தாலோ மின்சார பிரஷ் தாராளமாகப் பயன்படுத்தலாம். உமிக்கரி, செங்கல் தூள், உப்புப் பொடி இவையெல்லாம் கேப்பின் பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிடும்; சொரசொரப்பான இடத்தில் படலம் இன்னும் சுலபமாகப் படியும். அப்புறம் ஈர்க்குச்சி, ஊக்கு. சட்டையில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றிப் பல் குத்துவது நம் ஊரில் ஒரு கலை என்று எனக்குத் தெரியும். என் தாத்தாவும் அதில் நிபுணர். ஆனால் சுற்றிக் கட்டிய வேட்டிக்குள் ஊக்கை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குளோர்ஹெக்ஸிடின் வாய் கழுவும் மருந்தை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் சொன்ன நாளோடு, பெரும்பாலும் இரண்டு வாரத்தோடு, நிறுத்திவிடுங்கள். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்குக்கு ருசி தெரியாது. நல்லெண்ணெய் கொப்பளிப்பது அப்பாவுக்குப் பழக்கம் என்றால் செய்யட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. அதை பிரஷுக்குப் பதிலாக எண்ணாமல் இருந்தால் போதும்.

வீட்டு வேலை இவ்வளவுதான். மற்ற பாதி கிளினிக்கில் நடக்க வேண்டியது. அதில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய இரண்டு விஷயங்களை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்காமல் யாரும் தருவதில்லை.

ஒன்று, கேப் போட்ட நாளில் எடுத்த எக்ஸ்ரே. எடுத்திருந்தால் அதன் பிரதியை வாங்கிக் கைபேசியில் சேமித்து வையுங்கள். எடுக்கவில்லை என்றால் இப்போதாவது எடுக்கச் சொல்லுங்கள். நான்கு மாதம் தாமதமில்லை. இதை அளவுகோலாக வைத்துத்தான் பின்னால் எலும்பு இறங்கியதா என்று சொல்ல முடியும். முதல் வருடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு எலும்பு இறங்கி நிலைகொள்வது சகஜம். அதன் பிறகு ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். முதல் எக்ஸ்ரே இல்லாவிட்டால், ஐந்து வருடம் கழித்து இரண்டு மில்லிமீட்டர் குறைவாகத் தெரியும் எலும்பு, முதல் நாளே அப்படி இருந்ததா, நேற்றுக் கரைந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டு, இம்பிளாண்டின் விவரம்: எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை மில்லிமீட்டர் அகலம், நீளம், லாட் எண். இம்பிளாண்ட் வந்த பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுப்பது நல்ல கிளினிக்குகளின் வழக்கம். அதோடு, கேப் ஸ்க்ரூ போட்டு முடுக்கப்பட்டதா, சிமெண்ட் வைத்து ஒட்டப்பட்டதா என்பதையும் எழுதி வாங்குங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வேறு ஊரில் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டு மகன் வீட்டோடு இங்கே வந்துவிட்டவர், கேப் லொடலொடவென்று ஆடுகிறது, எல்லாம் போய்விட்டது என்று கலங்கிப்போய் வந்தார். பார்த்தால் ஒன்றுமே இல்லை, உள்ளே இருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. பத்து நிமிட வேலை. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி ஸ்க்ரூவின் தலை வேறு, அதைத் திருப்பும் திருப்புளி வேறு. எந்தக் கம்பெனி என்று தெரியாமல், எக்ஸ்ரேயில் தெரியும் வடிவத்தை வைத்து ஊகித்து, இரண்டு சக டாக்டர்களிடம் திருப்புளிகள் கடன் வாங்கி அந்தப் பத்து நிமிட வேலையை முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆனது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டம் என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் ஸ்க்ரூதான். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது, தளர்ந்த ஸ்க்ரூ முறிந்தால் மீதியை வெளியே எடுப்பது பெரும்பாடு.

சிமெண்ட் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒட்டும்போது வழியும் சிமெண்ட் ஈறுக்குள் ஒரு துளி தங்கிவிட்டால் அதைச் சுற்றிச் சீழ் பிடிக்கும். சில சமயம் உடனே, சில சமயம் வருடங்கள் கழித்து. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நோய்க் குறி தெரிந்த சிமெண்ட் வகை இம்பிளாண்டுகளில் பத்துக்கு எட்டில் மிச்ச சிமெண்ட் இருந்தது. அதை எடுத்ததும் பெரும்பாலானவற்றில் குறிகள் மறைந்தன. எனவே அப்பாவுடையது ஒட்டிய கேப் என்றால், முதல் வருடம் ஈறைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள்.

சர்க்கரை இருப்பதால் நான் என்றால் முதல் இரண்டு வருடம் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்வேன். எல்லாம் நன்றாக இருந்தால் ஆறு மாதம். ஒவ்வொரு முறையும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுக்கோலை விட்டு ஆழம் பார்க்க வேண்டும், ரத்தமோ சீழோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்து "நல்லா இருக்கு" என்று அனுப்புவது பரிசோதனை ஆகாது. புது இடத்தில் க்ளீனிங் செய்யப் போனால், எவை இம்பிளாண்ட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமான இரும்பு முனையைப் போட்டுச் சுரண்டினால் டைட்டானியம் கீறிவிடும். அதற்கென்று பிளாஸ்டிக், டைட்டானியம் முனைகளும் மென்பொடி தூவிச் சுத்தம் செய்யும் கருவியும் இருக்கின்றன.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் உலோகம் லேசில் உடையாது, மேலே இருக்கும் பீங்கான்தான் சில்லு பெயரும். நண்டு ஓடு, எலும்பு நுனி, கொட்டைப்பாக்கு, ஐஸ் கட்டி இவற்றை அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம். நான் முன்பு சொன்ன நரம்புப் படலம் அங்கே இல்லாததால் எவ்வளவு அழுத்தம் போடுகிறோம் என்று அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. சில வருடம் கழித்து, முன்பு மாட்டாத இடத்தில் முருங்கைக்காய் நார் மாட்ட ஆரம்பித்தால் அதையும் சொல்லுங்கள். இயற்கைப் பற்கள் வயதோடு மெல்ல முன்னோக்கி நகரும், இம்பிளாண்ட் நகராது. அதனால் இம்பிளாண்டுக்கும் அதன் முன் இருக்கும் பல்லுக்கும் இடையில் சந்து விழுவது அடிக்கடி நடப்பதுதான். கேப்பைக் கழற்றிச் சரிசெய்துவிடலாம். விட்டுவிட்டால் அந்தச் சந்தில் பக்கத்துப் பல் சொத்தையாகும்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா என்ற கேள்வியும் எப்படியும் ஒரு நாள் வரும். எடுக்கலாம், டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. வாய்ப் பகுதிப் படம் மட்டும் கொஞ்சம் கலங்கலாகத் தெரியலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலும்பு அடர்த்திக் குறைவுக்கோ புற்றுநோய்க்கோ எலும்பைக் கெட்டிப்படுத்தும் ஊசி, மாத்திரை தொடங்கும் நிலை வந்தால், அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கும்.

வாழ்நாள் உத்தரவாத அட்டை கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருந்தால் பின்பக்கம் படித்துப் பாருங்கள். வழக்கமாக அது உலோகத்துக்கான உத்தரவாதம். உலோகம் கெட்டால் இன்னொரு உலோகம் தருவார்கள். ஈறும் எலும்பும் அந்த அட்டையில் வராது. கேப்புக்கும் பத்து, பதினைந்து வருடத்தில் ஒரு தடவை செலவு வைக்கும் என்று இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை அப்பாவிடம் கேட்காதீர்கள், அம்மாவிடம் கேளுங்கள்: இரவில் தூக்கத்தில் அவர் பல்லை நறநறவென்று கடிக்கிறாரா? அப்பாவிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும். கடிக்கிறார் என்றால் ஸ்க்ரூ தளர்வதற்கும் பீங்கான் பெயர்வதற்கும் அதுவே முதல் காரணமாகும். அடுத்த முறை போகும்போது அளவெடுத்து ஒரு நைட் கார்டு (பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு உறை) செய்து வாங்கி, படுக்கும்போது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.